டாலாவில் என் மகனுக்கு இன்னொரு அம்மா

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் டாலாவில் குடியிருந்ததில்லை. ஒரு நாள்கூட இல்லை. பர்மாவுக்கு, இந்த யாங்கூனுக்கு, நான் மருமகளாக வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருஷமும் பசுந்தாங்கில், இதே ஆறாவது மாடி வீட்டில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாலாவுக்குப் போன மாதம்வரை நான் போனதே ஒன்றிரண்டு தடவை, அதுவும் கோயில்காரர்களோடு அரிசி கொடுப்பதற்கு.

இதையெல்லாம் விளக்க வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். போன மாதம் தூத்துக்குடியிலிருந்து என் அண்ணன் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். கூடவே அழுத குரலில் ஒரு செய்தி: "அத்தை, இவ்வளவு கஷ்டப்பட்டியளா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

கரண்ட் இல்லாத மத்தியானம். போனில் மிச்சமிருந்த சார்ஜில் நானும் வீட்டுக்காரரும் பால்கனி வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தோம். வீடியோவில் எங்கள் ஒரே மகன் அருள். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கிறான். அங்கே மாநில அணியில் தொடக்க ஆட்டக்காரனாகப் பல வருஷம் ஆடியவன். பச்சைப் புல்தரையில் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிறான். ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவே கிரிக்கெட் கற்றானாம். காலில் செருப்பு இல்லையாம். பலகையை உடைத்து மட்டை செய்தார்களாம். அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்கினாராம். அம்மா விறகடுப்பில் ஒரு வேளைச் சோறு ஆக்குவாளாம்.

அவன் 'அம்மா' என்று சொல்கிற இடத்தில் ஒரு பெண்ணைக் காட்டுகிறார்கள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மாக்காரி. மண் அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதுகிறாள். நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறாள்.

அது யார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது.

வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியம். மிங்கலா தாங்ஞுன்டில் ஓர் இரும்புச் சாமான் கடையில் தலை நரைக்கும்வரை கணக்கு எழுதியவர். அவருடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். குடும்பத்தில் யாரும் வெள்ளைச் சட்டையைக் கசங்கவிட்டதில்லை. அவர் போனை என் கையில் கொடுத்தார்.

"என்னைய எதுக்கு மூட்ட தூக்க வச்சான்?" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டார்.

2

நடந்தது இது.

என் அண்ணன்மார் மூன்று பேரும் கிரிக்கெட் பைத்தியங்கள். பந்து பொறுக்கிப் போட ஆளில்லாமல் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பொறுக்கிப் பொறுக்கி, நானும் பந்து வீசப் பழகினேன். கல்யாணமாகி இங்கே வந்தால், இந்த ஊரில் கால்பந்தும் சின்லோனும்தான். பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடுவார்கள். கிரிக்கெட் என்றால் பூச்சி பெயரா என்று கேட்பார்கள். அருளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஊரிலிருந்து ஒரு மட்டை வந்தது. கடையில் வாங்கிய, ஸ்டிக்கர் ஒட்டிய, நல்ல மட்டை. பலகையை யாரும் உடைக்கவில்லை.

மொட்டை மாடியில் நான் பந்து வீசுவேன், அவன் அடிப்பான். அவன் வலதுகைக்காரன். ஆனால் வலதுகையால் மட்டை பிடித்துச் சுழற்றினால் பந்து தெருப்பக்கம் போய்விடும். கீழே டீக்கடை. ஒருநாள் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்து, கடைக்காரி டோ கின் மியா ஆறு மாடியும் ஏறி வந்து சத்தம் போட்டாள். மறுநாள் அவனே திரும்பி நின்றான். இடதுகை ஆட்டக்காரன்போல நின்று அடித்தால் பந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பட்டு எங்களிடமே வந்துவிடும். அப்படித்தான் அவன் இடதுகை ஆட்டக்காரன் ஆனான். எழுதுவது வலது கை, சோறு தின்பது வலது கை, மட்டை மட்டும் இடது. பின்னாளில் பெர்த்தில் பெரிய பயிற்சியாளர்கள் எல்லாம் இந்த அதிசயத்தைப் பற்றிக் கேட்டார்களாம். பதில் சொல்லியிருக்கிறான். அப்போது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

பதின்மூன்று வயதில் அவனைப் பெர்த்துக்கு அனுப்பினோம். என் நாத்தனார் குடும்பம் முன்பே அங்கே போயிருந்தது. படிக்கத்தான் அனுப்பினோம், பஞ்சம் பிழைக்க இல்லை. விமான நிலையத்தில் அவன் காலில் இருந்த ஷூ அவனுடைய அப்பா இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கியது. இதைக்கூட எழுத வைக்கிறார்களே.

3

அவனுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் அருள். பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர் வேண்டும் என்பதால் ஆங் தூ. இங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் ஒன்று, பிள்ளை பெயர் ஒன்று. ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு அது புரியவில்லை. கடைசியில் இருந்த 'தூ'வைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். மைதானத்துப் பெரிய பலகையில் 'தூ' என்றுதான் வரும். முதல் ஆட்டத்தன்று அதைப் பார்த்துவிட்டு என் பெரிய அண்ணன் போன் போட்டான். "ஏட்டி ஸ்டெல்லா, மருமவன் அவுட்டாகும்போதெல்லாம் போர்டே காறித் துப்புதே!"

சிரித்தோம். சிரிக்க வேறு விஷயம் அன்றைக்கு இல்லை. அந்த ஆட்டத்தைப் பார்க்க நான் பெர்த்தில் இருந்திருக்க வேண்டும். விசாவுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் தாளையும் அவன் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் ஸ்டெல்லா. கணவர் ஆரோக்கியம். மகன் தூ. எந்தப் பெயரும் எதோடும் சேரவில்லையே. நீங்கள்தான் தாய் என்பதற்கு வேறு ஆதாரம்?" என்றாள். ஞானஸ்நானச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, படங்கள் எல்லாம் கொண்டு போனேன். என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். இங்கே தங்குவதற்கே வருஷா வருஷம் அனுமதி வாங்குகிறவள். திரும்பி வருவேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரவில்லையாம். மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறையும் மறுத்தார்கள். பிறகு நான் கேட்கவில்லை. அவன் இங்கே வருவதை நானே விடமாட்டேன். ஏன் என்று இந்த ஊரில் வயதுப் பிள்ளை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் தெரியும், பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிறார்கள்.

ஆக, என் மகனுடைய ஆட்டத்தை எல்லாம் போனில்தான் பார்த்தேன். இணையம் இருக்கும் நாளில், கரண்ட் இருக்கும் நேரத்தில். முதல் ஆட்டத்தில் சொற்ப ஓட்டத்தில் போய்விட்டு, அடுத்த இன்னிங்ஸில் நாள் முழுக்க நின்றான். மூன்றாவது வருஷம் சதம் அடித்தான். படம் தொண்ணூற்று நான்கில் உறைந்து நின்றுவிட, சதம் அடித்ததை நாத்தனார் போன் செய்து சொல்லித்தான் தெரியும். அடுத்த வருஷமே புதிதாக ஒரு பையன் வந்தான், வேகமாக அடிக்கிறவன். அருளை இரண்டாம் அணிக்குத் தள்ளினார்கள். மறுபடி எடுத்தார்கள். விரல் உடைந்தது. மறுபடி வெளியே. யாராவது காயப்பட்டால் கூப்பிடுவார்கள், அவர் தேறியதும் அனுப்பிவிடுவார்கள். வர்ணனையாளர்கள் எப்போதும் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: நம்பகமானவர். கடைத்தெருவில் பழைய ஸ்கூட்டரை விற்கிறவன் சொல்கிற மாதிரி. நாட்டுக்காக ஆட ஒருநாளும் கூப்பிடவில்லை. ஒரு கோடைக்காலத்தில் பேச்சு அடிபட்டது, அதோடு சரி.

அவனுடைய தமிழும் அதே வேகத்தில் தேய்ந்தது. அப்பாவோடு இன்றும் பர்மியத்தில் சரளமாகப் பேசுவான். என்னோடு பேச அவனிடம் மிச்சம் இருந்தது கொஞ்சம் சொற்கள்தான். சாப்பிட்டேன். நல்லா இருக்கேன். மழை. தூக்கம் வருது. சில சமயம் 'அடுத்த வாரம்' என்பதற்குப் 'பக்கத்து வாரம்' என்பான். நான் திருத்துவதில்லை. திருத்தினால் இங்கிலீஷுக்குப் போய்விடுவான்.

4

வீடியோ பார்த்த அன்றே அவனைக் கூப்பிட்டேன்.

"அருள், யாருடா அந்தப் பொம்பள?"

"எந்த...? யாரு?"

"உன் அம்மான்னு அடுப்ப ஊதுதாளே, அவ."

"அது அவங்க அங்க ஆள் வச்சு எடுத்தது அம்மா. நான் முன்னாடி பாக்கல. பாத்தப்ப முடிஞ்சிருச்சு."

"குடிசைன்னு சொன்னது உன் வாய்தானே? மூட்ட தூக்குனாருன்னு சொன்னது?"

"எழுதிக் குடுத்தாங்க. நான் ஃப்ளாட், மொட்ட மாடி, எல்லாம் சொன்னேன். அது ஸ்டோரி இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அதுதாண்டா நடந்தது!"

"நடந்தது யாருக்கு வேணும்?" அவன் குரல் உயர்ந்தது; தமிழ் போதாமல் பர்மியத்துக்கு மாறினான். "என் ஆவரேஜ் முப்பத்தொண்ணு அம்மா. முப்பத்தொண்ணு ஆவரேஜ் ஆளுக்கு யாரும் வீடியோ எடுக்க மாட்டாங்க. காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. டீம்ல இல்ல நான். ஆறு மாசமா இல்ல. உங்ககிட்ட சொல்லல."

பிறகு இங்கிலீஷிலும் பர்மியத்திலுமாக மிச்சத்தைக் கொட்டினான். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளை விளையாட்டில் சேர்க்கும் ஓர் அமைப்பு அவனைக் கூப்பிட்டதாம். ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும், அதற்குச் சம்பளம். ஆனால் பேசுவதற்கு அவனிடம் ஒரு கதை இருக்க வேண்டும். ஒன்பது வருஷம் வெயிலில் நின்று வேகப்பந்தை மார்பிலும் விலாவிலும் வாங்கியது கதை இல்லையாம். படித்துக்கொண்டே ஆடி, தள்ளப்பட்டு, மறுபடி ஏறி வந்தது கதை இல்லையாம். வெறுங்கால் இருந்தால் கதையாம்.

"அதுக்காகப் பெத்தவள மாத்துவியா?" என்றேன்.

வைத்துவிட்டான்.

எனக்கு அவன்மேல் கோபம். இருந்த வேலையும் போனவனிடம், பொய் சொன்னால் இன்னொரு வேலை தருகிறோம் என்றவர்கள்மேல் அதைவிடக் கோபம். அந்த அமைப்புக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன். நான்தான் தாய், உயிரோடு இருக்கிறேன், ஆறாவது மாடியில் கேஸ் அடுப்பில் சமைக்கிறேன், திருத்துங்கள் என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. தேன் தடவிய பதில். எனக்கு ஏற்பட்ட மனவருத்தத்தை மதிக்கிறார்களாம். ஆனால் அது 'அருளின் உண்மை'யாம்.

அப்படியென்றால் என்னிடம் இருப்பது என்ன? அருளைப் பெற்ற வயிறு பொய்யா?

5

டோ கின் மியாவுக்கு டாலாவில் உறவுக்காரர்கள் உண்டு. வீடியோவை அவளிடம் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தெரிந்த வற்றிய குளத்தையும் மூங்கில் பாலத்தையும் பார்த்து, எந்தப் பகுதி என்று சொல்லிவிட்டாள். மறுநாள் படகேறினேன். அந்தப் பெண்ணைப் பார்த்து என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. உன்னை யார் என் இடத்தில் உட்காரச் சொன்னது என்று கேட்டிருப்பேனோ என்னவோ. அவ்வளவு சூடாக இருந்தேன்.

கரையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவரிடம் போனை நீட்டினேன். "மா சான் ஆச்சே இது" என்று சொல்லிப் பக்கத்து இருக்கையில் என்னை ஏற்றிக்கொண்டார்.

மா சானுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். என் கைப்பையையும் செருப்பையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க அமா" என்றாள். பர்மியத்தில் 'அமா' என்றால் அக்கா. "தொட்டிக்காக வந்திருக்கீங்களா?"

"எந்தத் தொட்டி?"

"தண்ணித் தொட்டி. படம் எடுத்தாங்களே, அவங்க அனுப்பலையா உங்கள?"

உட்கார்ந்து வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தன் முகத்தைப் பார்த்ததும் முதலில் வெட்கப்பட்டாள். பின்னால் ஓடும் பேச்சு என்ன என்று கேட்டாள். வரி வரியாகப் பர்மியத்தில் சொன்னேன். பேசுவது என் மகன், உன்னைத்தான் தன் தாய் என்கிறான் என்றும் சொன்னேன். அவள் கையிலிருந்த ஈரத் துணியைத் தட்டில் போட்டாள்.

"ஒரு வேளச் சோறுன்னா சொல்றான்?"

"ஆமா."

"நான் ரெண்டு வேளையும் ஆக்கறவ. என் பிள்ளைங்க பட்டினின்னு எவன் சொன்னது?" குரல் ஏறியது. அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு பேர் வந்தாங்க. எங்க தண்ணிக் கஷ்டத்தப் படம் எடுத்து வெளிநாட்டுல காட்டினா தொட்டி வரும்னாங்க. சமையல் முடிஞ்சிருச்சு, அடுப்பு அணஞ்சிருச்சுன்னேன். பரவாயில்ல, ஊதுங்கன்னாங்க. புகை வரணுமாம். காலிச் சட்டிய வச்சு ஊதினேன். கண்ணு எரிய எரிய ஊதினேன். தொட்டி வரும்னு ஊதினேன்!"

"எனக்குத் தெரியாது மா சான். நானும்..."

"உன் பிள்ளதானே? நீ வளத்தவன்தானே?" மரியாதை போய்விட்டது. "என் அடுப்ப வச்சு அவன் பேர் வாங்கறான். நீ என்ன கேக்க வந்த இங்க?"

வீட்டிலிருந்து கொண்டுவந்த கோபத்தில் ஒரு சொட்டுகூட அவள் முன்னால் செல்லாது என்று தெரிந்தது. போனை எடுத்து அருளைக் கூப்பிட்டேன். நல்ல வேளை, எடுத்தான். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு, பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய ஏதோ கிடங்கில் நின்றுகொண்டிருந்தான். அங்கே வேலை பார்க்கிறான் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்ன அம்மா? வேலைல இருக்கேன்."

"இந்தா, உன் அம்மா. பேசு." போனை மா சானிடம் திருப்பினேன்.

அவள் குனிந்து அவனை நன்றாகப் பார்த்தாள். "நீதான் என் மகனா?" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "அண்ட்டி..." என்று தொடங்கினான்.

"அண்ட்டியா? படத்துல என்னைய அம்மான்னுதானே சொன்ன? தாயின்னு சொன்னியே. சரி மகனே, தொட்டி எப்போ வரும்?"

"என்ன தொட்டி?"

"தெரியாதா? சரி. நான் ஊதுன சட்டி காலின்னு தெரியுமா?"

"தெரியாது."

"நான் எத்தன வேள ஆக்கறேன்னு?"

"தெரியாது அண்ட்டி."

"என்னதான் தெரியும் உனக்கு?"

அவன் போனை எங்கேயோ வைத்துவிட்டான். கிடங்கின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. அவன் மூச்சு கேட்டது. சிறு வயதில் அடி வாங்கிவிட்டு அழாமல் நிற்கும்போது விடுகிற மூச்சு, எனக்குத் தெரியும். கடைசியில் பர்மியத்தில், "நான் பாத்துக்கறேன்" என்றான்.

"அதத்தான் அவங்களும் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மா சான் துணி பிழியப் போய்விட்டாள்.

6

அவனால் முடிந்ததைப் பார்த்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி ஆவேன்.

அந்த அமைப்பிடம் வீடியோவை நீக்கச் சொன்னான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய், நீக்க முடியாது என்றார்கள். அப்படியானால் உங்கள் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பகலில் கிடங்கு, மாலையில் ஒரு சின்ன கிளப்பில் பிள்ளைகளுக்குப் பந்து போடுகிறான். அங்கே யாரும் அவனிடம் கதை கேட்பதில்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டான். தானே ஒரு வீடியோ பேசிப் போடப் போவதாகச் சொல்லி, அதில் அப்பாவைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டான்.

"மூட்ட தூக்கல, மூட்ட தூக்கலன்னு அடிச்சுச் சொல்லாதே" என்றார். "தொறையில தூக்கறவன் கேட்டா அவனுக்கு எப்படி இருக்கும்? கணக்கு எழுதினாருன்னு மட்டும் சொல்லு. போதும்."

அப்படியே சொன்னான். மொட்டை மாடியைச் சொன்னான், பந்து வீசியது அம்மா என்று சொன்னான், தன் சராசரி முப்பத்தொன்று என்றும் சொன்னான். ஊரில் என் அண்ணன்மார் பார்த்தார்கள். டோ கின் மியா ஒன்றும் புரியாமலே கடைசிவரை பார்த்தாள். வேறு அதிகம் பேர் பார்த்ததாகத் தெரியவில்லை. குடிசைக் கதையைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். என் அண்ணன் மகளுக்கே இப்போதும் யாரோ அதை அனுப்பிவைக்கிறார்கள்.

போன வாரம் அந்த அமைப்பிலிருந்து எனக்கு மறுபடி ஒரு மின்னஞ்சல். என் புகாரை மிகவும் கவனத்தில் எடுத்துக்கொண்டு வீடியோவைத் திருத்திவிட்டார்களாம். போட்டுப் பார்த்தேன். அதே புல்தரை. அதே அருள். மூட்டை தூக்கும் அப்பா அப்படியே இருக்கிறார். ஒரு வேளைச் சோறும் அப்படியே. மா சானை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அவன் 'அம்மா' என்று சொல்கிற இடத்தில் இப்போது இன்னொரு பெண் இருக்கிறாள். கொஞ்சம் வயதானவள். வேறு அடுப்பு. அதே புகை.

நேற்றுப் படகேறிப் போய் மா சானிடம் காட்டினேன். டாலாவில் குளம் முழுக்க வற்றிவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன, தண்ணீர்ப் படகு வருகிற நாளுக்காக. தொட்டி வரவில்லை. அருள் யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"நீ இப்போ இதுல இல்ல" என்றேன்.

அவள் போனை வாங்கி அந்தப் புதிய பெண்ணை உற்றுப் பார்த்தாள். அந்த இடத்தை மறுபடி ஓடவிடச் சொன்னாள். மறுபடியும் பார்த்தாள்.

"இது யாரு?"

"தெரியல."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியல."

மா சான் போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"பாரு, எப்படி ஊதறா" என்றாள். "இவளுக்கு என்ன வரும்னு சொல்லியிருப்பாங்க?"